சண்டையில் போன உயிர்

இளம் வயதில் மாரடைப்பு ஏன் வருகிறது என்பதுதான் அந்த நிலையத்தில் நடந்த ஆராய்ச்சி. நாற்பத்தைந்து வயதுக்குள் மாரடைப்பு வந்து பிழைத்தவர்களை ஒரு பக்கமும், அதே வயதில் எந்தக் குறையும் இல்லாமல் நடமாடுகிறவர்களை இன்னொரு பக்கமும் வைத்து, இவர்களிடம் இல்லாத எது அவர்களிடம் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு, புகைப் பழக்கம், தூக்கம், குடும்பத்தில் யாருக்கு என்ன நோய் என்று எதையும் விடாமல் கேட்பார்கள். நோயாளிகள் வேண்டிய அளவுக்குக் கிடைத்துவிட்டார்கள். ஆரோக்கியமானவர்களுக்குத்தான் பஞ்சம். நன்றாக இருக்கிறவன் ஆஸ்பத்திரி வாசலை எதற்காக மிதிக்கப் போகிறான்?

அதனால்தான் பெரியவள் தன் தம்பியையே இழுத்து வந்தாள். வேலையிடத்தில் அவள் டாக்டர்; வீட்டில் பெரியவள். தம்பிக்கு நெட்டை என்று பேர். நீச்சல் கற்றுக்கொடுக்கிறவன், புகை, குடி எதுவும் கிடையாது, வயிறு என்ற ஒன்று இருப்பதே தெரியாது. கழுத்து ரத்தக்குழாயில் ஸ்கேன் எடுத்தபோதுகூட, “என்னை மாதிரி ஆளை வச்சு ஆராய்ச்சி பண்ணா உங்களுக்கு ஒண்ணும் தேறாது” என்று டெக்னீஷியனிடம் சிரித்துக்கொண்டே படுத்திருந்தானாம்.

பெயரே தெரியாதபடி எல்லாருக்கும் ஒரு எண் கொடுத்துவிடுவது அங்கே விதி. ஆனால் ஒருவருடைய முடிவு உயிருக்கு ஆபத்தாக இருந்தால், பொறுப்பு டாக்டர் அந்த எண்ணுக்குரிய ஆளைக் கண்டுபிடித்துச் சொல்லியாக வேண்டும். அந்த வாரம் பொறுப்பு பெரியவளுடையது.

ஆய்வகத்தில் ரத்தம் பார்க்கிற பெண்மணி அழைத்தபோது காலைக் காபியின் கடைசி வாய் இன்னும் இறங்கவில்லை.

“டாக்டர், கொஞ்சம் வந்து பாருங்களேன். கெட்ட கொழுப்பு மூணு மடங்கு இருக்கு. சந்தேகப்பட்டு ரெண்டாவது தடவையும் ஓட்டிட்டேன். அதேதான் வருது. கழுத்து ஸ்கேனும் நல்லா இல்லை. நோயாளி பக்கத்து ஆளுன்னு நெனச்சேன். ஆனா இவர் நல்லா இருக்கிறவங்க பக்கம்.”

பெரியவள் கணினியில் எண்ணைப் போட்டாள். திரையில் தம்பியின் பெயர் வந்தது.

எண்ணை அழித்துவிட்டு மறுபடி போட்டாள். அதே பெயர். பிறகு புத்தி தன் பாட்டுக்கு வேலை செய்யத் தொடங்கியது. ஒல்லியான உடம்பு, ஓயாத உடற்பயிற்சி, கெட்ட பழக்கம் எதுவும் இல்லை. இருந்தும் கொழுப்பு இத்தனை என்றால், அது தின்று வந்ததல்ல. பிறந்தபோதே கூட வந்தது. பெற்றவர்களில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு வரும். அவளுடைய ரத்தத்தை அவளே பலமுறை பரிசோதித்திருக்கிறாள். ஒரு குறையும் இல்லை. அம்மாவுக்கும் இல்லை. மீதி இருப்பது அப்பா.

அப்பா நாற்பது வயதில் போனார். ஆனால் அவர் நோயில் போனார் என்று அந்த வீட்டில் யாரும் சொன்னதில்லை. சண்டையில் போனார் என்றுதான் பேச்சு. அப்பாவும் சித்தப்பாவும் சேர்ந்து கண்ணாடி வெட்டும் கடை வைத்திருந்தார்கள். சித்தப்பா தனக்குப் பிடித்த ஒருத்தியைக் கட்டிக்கொள்ளப் போவதாகச் சொன்னார். அப்பா கூடாது என்றார். வார்த்தை தடித்தது. “நீ இருந்தா என்ன, செத்தா என்ன” என்று சித்தப்பா கத்தினார். அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்தவர்தான், எழுந்திருக்கவில்லை. “சொல்லாலயே கொன்னுட்டான்” என்று அம்மா அன்று சொன்னது இருபத்தெட்டு வருஷமாக அந்த வீட்டில் அசையாமல் நின்றது. சித்தப்பா முகத்தில் யாரும் விழிப்பதில்லை.

ஆராய்ச்சிக்கு வருகிற ஒவ்வொருவரிடமும், “குடும்பத்துல யாராவது சின்ன வயசுல மாரடைப்புல இறந்திருக்காங்களா?” என்று கேட்பது அவளுடைய வேலை. எத்தனை பேரிடம் கேட்டிருப்பாள்! அந்தக் கேள்வி ஒரு தடவைகூடத் தன் வீட்டுப் பக்கம் திரும்பவில்லையே என்று நினைத்தபோது அவளுக்கு உடம்பு கூசியது.

தம்பிக்குப் போன் போட்டாள். எடுக்கவில்லை. அவன் தண்ணீரில் இருக்கிற நேரம். வாடகைக் கார் பிடித்துக் கிளம்பினாள்.

நீச்சல் குளம் இருந்த கூடத்தில் நுழைந்ததுமே குளோரின் நெடி மூக்கில் ஏறியது. பத்துப் பன்னிரண்டு பேர், எல்லாரும் பெரியவர்கள், மிதவைப் பலகையைக் கட்டிக்கொண்டு காலை உதைத்துக்கொண்டிருந்தார்கள். நெட்டை கரையில் நின்று விசில் ஊதிக்கொண்டிருந்தான்.

“என்னக்கா, நீயும் நீச்சல் கத்துக்க வந்துட்டியா? அப்ப குளத்துத் தண்ணியைக் கொஞ்சம் குறைக்கச் சொல்லணுமே.”

“விளையாடாதே. இங்க வந்து உட்காரு.”

அவள் முகத்தைப் பார்த்ததும் அவன் சிரிப்பு பாதியில் நின்றது. கரையோர பெஞ்சில் உட்கார்ந்தான். அவள் சுற்றி வளைக்காமல் சொன்னாள். கேட்டுவிட்டு அவன் துண்டால் தலையைத் துடைத்துக்கொண்டான்.

“வேற யார் ரத்தத்தையாவது மாத்தி வச்சிருப்பாங்க.”

“ரெண்டு தடவை பார்த்தாச்சு.”

“உன் மெஷினுக்குத்தான் கொழுப்பு அக்கா.”

அவள் கண் கீழே போயிருந்தது. அவனுடைய குதிகாலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கால் ஆடுதசையிலிருந்து குதிகாலுக்கு இறங்குகிற தசைநாண், மற்றவர்களுக்கு விரல் கனம் இருப்பது, அவனுக்கு முறுக்கிய கயிறு மாதிரித் தடித்துக் கிடந்தது. ரத்தத்தில் தேங்குகிற கொழுப்பு படிகிற இடங்களில் அதுவும் ஒன்று. பாடமாகப் படித்தது, நோயாளிகளிடம் தொட்டுப் பார்த்தது. தம்பியின் காலை அவள் கவனித்ததே இல்லை.

“இது எப்பலேர்ந்து இருக்கு?”

“இதுவா? பரம்பரைச் சொத்து. அப்பாவுக்கும் இப்படித்தான் இருந்துச்சாம். செருப்பு உரசி உரசி வந்ததுன்னு அம்மா சொல்லுவாங்களே.”

“நெஞ்சுல ஏதாவது பண்ணுதாடா? மறைக்காம சொல்லு.”

அவன் தண்ணீரைப் பார்த்தான். “கொஞ்ச நாளா, வேகமா நீந்தினா யாரோ கையை வச்சு அமுக்கற மாதிரி இருக்கும். நின்னா போயிடும். வாயுன்னு விட்டுட்டேன்.”

“எழுந்திரு. இப்பவே போறோம்.”

“கிளாஸை முடிச்சுட்டு வந்துடறேன்கா. இவங்களை அப்படியே விட்டுட்டு எப்படி...”

வாக்கியம் முடியவில்லை. ஆழமான பக்கத்தில் ஒரு பெண்ணின் கையிலிருந்து பலகை நழுவியது. அவள் ஒருமுறை மேலே வந்து வாயைத் திறந்தாள், சத்தம் வரவில்லை, மறுபடி உள்ளே போனாள். பெரியவள் தம்பியின் தோளைப் பிடிப்பதற்குள் அவன் எழுந்து பாய்ந்துவிட்டான். பிடிக்கப் போன அவள் கையில் துண்டுதான் மிஞ்சியது.

அவன் நீந்திய வேகத்தை அவள் அதற்கு முன்னால் அப்படிப் பயந்துகொண்டு பார்த்ததில்லை. அந்தப் பெண்ணைப் பின்னாலிருந்து பிடித்து, தலையை உயர்த்தி, ஒரு கையால் இழுத்துக்கொண்டு வந்தான். கரையில் இருந்தவர்கள் அவளைத் தூக்கிக்கொண்டார்கள். அவள் இருமினாள், அழுதாள், ஒன்றும் ஆகவில்லை. எல்லாரும் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள்.

நெட்டை ஏணியைப் பிடித்தபடி தண்ணீரிலேயே நின்றான்.

“மேல வாடா.”

அவன் வரவில்லை. முகம் சாம்பல் பூத்துப் போயிருந்தது. “அக்கா,” என்றான், ஏதோ கடையில் சாமான் கேட்கிற குரலில், “கை வரலைக்கா.”

அவள் போட்டிருந்த உடையோடு உள்ளே இறங்கினாள். அவனை மேலே ஏற்ற நான்கு பேர் தேவைப்பட்டார்கள். முதலுதவிப் பெட்டியில் ஆஸ்பிரின் இருந்தது. அவன் வாயில் போட்டு, “மெல்லு, விழுங்காதே, மெல்லு” என்றாள். ஆம்புலன்ஸ் வருகிறவரை அவன் மணிக்கட்டிலிருந்து விரலை எடுக்கவில்லை. நாடி ஓடியது, தடுமாறியது, மறுபடி ஓடியது.

ஆஸ்பத்திரியில் நேரே ஆஞ்சியோ அறைக்குள் கொண்டு போனார்கள். இதயத்துக்குப் போகிற பெரிய குழாய் ஒன்று முக்கால்வாசிக்கு மேல் அடைத்திருந்தது. அதில் ரத்தம் கட்டி மீதி வழியையும் மூடியிருந்தது. ஸ்டென்ட் வைத்தார்கள். வெளியே வந்த டாக்டர், “நீங்க பக்கத்துல இருந்ததால ஆச்சு” என்றார். அவளுக்கு அது பாராட்டாகக் காதில் விழவில்லை.

அம்மா வந்து சேர்ந்தபோது அவன் தீவிர சிகிச்சைப் பிரிவில் கண் மூடிக் கிடந்தான். கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்துவிட்டு அம்மா மகளிடம் திரும்பினாள். முதலில் கேட்டது இதுதான்.

“யாரு அவன்கிட்ட சண்டை போட்டது?”

“யாரும் போடலைம்மா.”

“யாராவது ஏதாவது சொல்லியிருப்பாங்க. மனசு நோகாம இப்படி வராது.”

“இது மனசு இல்லைம்மா, ரத்தம். கொழுப்பைக் கழிக்கிற சக்தி அவன் உடம்புக்குப் பிறப்பிலேயே கம்மி. அப்பாகிட்டேர்ந்து வந்தது. அப்பாவுக்கும் இதேதான்.”

அம்மா பெஞ்சில் உட்கார்ந்தாள். புடவைத் தலைப்பை இழுத்து மடியில் சுருட்டிக்கொண்டாள். மெதுவாகத்தான் அது அவளுக்குள் இறங்கியது. இறங்கியதும் முகம் இறுகியது.

“அப்ப உங்க சித்தப்பன் ஒரு பாவமும் அறியாதவன்னு சொல்ல வர்றியா?”

“நான் அதைச் சொல்ல வரலை. அவங்களுக்கும் இது இருக்கலாம். அவங்க பிள்ளைகளுக்கும் இருக்கலாம். போய்ச் சொல்லணும்.”

“அவன் வாசலுக்குப் போனா என் மூஞ்சியில முழிக்காதே.” சத்தம் போடவில்லை. பக்கத்தில் இருந்தவர்களுக்குக் கேட்கக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். “என் தாலி அறுந்த அன்னிக்கு நீ பக்கத்துலதானே நின்னே? உனக்குக் காது கேக்கலையா அவன் சொன்னது?”

கேட்டது. பெரியவளுக்கு அப்போது பன்னிரண்டு வயது. அந்தக் குரல் இன்னமும் காதில்தான் இருக்கிறது.

சாயங்காலம் நெட்டைக்கு நினைவு தெளிந்தது. மூக்கில் குழாயோடு அக்காவைப் பார்த்து, “உன் மெஷின் நல்லாத்தான் இருக்கு போல” என்றான். அவளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது.

“டேய், ஒண்ணு கேக்கணும். உன் ரிசல்ட் உன்னுது. அம்மாகிட்ட அவசரத்துல சொல்லிட்டேன், மத்தபடி நீ சரின்னு சொல்லாம நான் யார்கிட்டயும் சொல்லக்கூடாது. சித்தப்பாகிட்ட சொல்லட்டுமா?”

“அம்மா?”

“வேண்டாங்கிறாங்க.”

சித்தப்பா முகமே அவனுக்கு மங்கல்தான். “போய்ச் சொல்லுக்கா. அங்க ஒருத்தன் இப்ப படியேறிக்கிட்டிருப்பான், வாயுன்னு நெனச்சுக்கிட்டு.”

மறுநாள் காலை அவள் அம்மாவிடம் சொல்லிவிட்டே கிளம்பினாள். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

சித்தப்பா ஊரின் மறுகோடியில் தனியாகக் கடை போட்டிருந்தார். சுவரோரம் பெரிய கண்ணாடிப் பலகைகள் சாய்ந்து நின்றன. அவள் உள்ளே போனதும் எல்லாவற்றிலும் அவளே தெரிந்தாள். மேஜைமேல் குனிந்து, வைர முனைக் கருவியால் அவர் ஒரு கோடு இழுத்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தவர் கருவியைக் கீழே வைக்க மறந்துபோனார். தலை முழுக்க நரைத்திருந்தது. தாடை அப்படியே அப்பாவுடையது. அதைப் பார்க்க அவள் தயாராக வந்திருக்கவில்லை.

“பெரியவளா?” என்றார். “அம்மாவுக்கு ஏதாவதா?”

“இல்லை சித்தப்பா. தம்பிக்கு. மாரடைப்பு. பிழைச்சுட்டான்.”

அவர் ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தார். தான் உட்கார்ந்துவிட்டோம் என்பது உறைத்ததும் எழுந்து அவளுக்கு ஸ்டூலைத் தள்ளினார். அவள் வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்ததை ஒவ்வொன்றாகச் சொன்னாள்: ரத்தக் கொழுப்பு, பரம்பரை, அவரும் பிள்ளைகளும் உடனே பரிசோதனை செய்துகொள்ள வேண்டியது. அவர் இடையில் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. முடித்ததும் அவர் சட்டையின் மேல் இரண்டு பொத்தானைக் கழற்றினார்.

நெஞ்சின் நடுவே மேலிருந்து கீழாக ஒரு தழும்பு.

“போன வருஷத்துக்கு முந்தின வருஷம்,” என்றார். “பைபாஸ். அந்த டாக்டரும் நீ சொன்னதையேதான் சொன்னாரு. பசங்களுக்கு எடுத்துப் பார்த்தோம். பெண்ணுக்கு இருக்கு, பையனுக்கு இல்லை. அவ மாத்திரை சாப்பிடறா.”

பெரியவளுக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. அவர் சொன்னதை மனதுக்குள் இன்னொரு தடவை ஓட்டிப் பார்த்தாள்.

“தெரிஞ்சும் எங்களுக்குச் சொல்லலையா?”

“வந்தேன்மா.” அவர் பொத்தானைப் போட்டுக்கொண்டே பேசினார், அவளைப் பார்க்கவில்லை. “அண்ணன் பிள்ளைங்களுக்குக் கண்டிப்பா சொல்லுங்கன்னு டாக்டர் சொன்னாரு. உடம்பு தேறினதும் உங்க வீட்டுக்கு வந்தேன். அண்ணிதான் வந்தாங்க. ‘இன்னும் யாரைக் கொல்ல வந்தே’ன்னு கேட்டாங்க. கதவு சாத்திடுச்சு. வெளிய நின்னு கத்திச் சொல்லியிருக்கலாம். ஆனா அந்த வீட்டு முன்னால மறுபடியும் நான் சத்தம் போடறதா? வாய் வரலை.”

“என் ஆபீஸுக்கு வந்திருக்கலாமே சித்தப்பா.”

“அங்கயும் வந்தேன். வாசல்ல இருந்தவர் யாரைப் பார்க்கணும்னு கேட்டாரு, சொன்னேன். நீங்க அவங்களுக்கு என்ன வேணும்னு கேட்டாரு. என்னன்னு சொல்றது? திரும்பிட்டேன். நீ இதே படிப்பு படிச்சவ, இதெல்லாம் உனக்குத் தெரியாமலா இருக்கும்னு என்னை நானே தேத்திக்கிட்டேன்.”

அவளுக்குக் கோபம் பொங்கிக்கொண்டு வந்தது. அவர்மேல், அம்மாமேல், வாசலில் இருந்த ஆள்மேல், எல்லாரையும்விட அதிகமாகத் தன்மேல். யார்மீது முதலில் கொட்டுவது என்று தெரியாமல் எழுந்து நின்றாள்.

“அம்மாகிட்ட இதைச் சொல்லப் போறேன். அன்னிக்குக் கதவைச் சாத்தாம இருந்திருந்தா அவன் நேத்து அப்படிக் கிடந்திருக்க மாட்டான்.”

“சொல்லாதே,” என்றார் அவர். அவ்வளவு நேரத்தில் அப்போதுதான் அவர் குரலில் அழுத்தம் வந்தது. “ஒரு உயிருக்கு நாமதான் எமனா இருந்தோம்னு நெனச்சுக்கிட்டே சோறு தின்னறது எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். இருபத்தெட்டு வருஷம் தின்னிருக்கேன். உங்க அம்மாவுக்கு அது வேண்டாம்.”

“சித்தப்பா, அப்பாவை நீங்க கொல்லலை. அடைப்பு முன்னாடியே இருந்திருக்கு. அன்னிக்கு இல்லைன்னா வேற ஒரு நாள்.”

“ஆபரேஷன் பண்ண டாக்டரும் சொன்னாரு. கேட்டுக்கிட்டேன்.” மேஜையில் கிடந்த கண்ணாடிப் பொடியைத் துணியால் ஒரு பக்கமாக ஒதுக்கினார். “ஆனா அந்த வார்த்தையை நான் சொன்னேன்தானே? அது எந்த டெஸ்ட்லயும் இல்லைன்னு ஆகாதே.”

அவள், “அவனைப் பார்க்க வர்றீங்களா?” என்று மட்டும் கேட்டாள். அவர் கடையை அப்படியே பூட்டினார்.

ஆஸ்பத்திரிப் படியில் அவர் இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கினார். நோயாலா, பயத்தாலா என்று டாக்டரான அவளுக்கே தெரியவில்லை.

அம்மா அதே பெஞ்சில் இருந்தாள். அவரைப் பார்த்ததும் எழுந்தாள். பெரியவள் இருவருக்கும் நடுவில் போய் நின்றாள். அம்மா என்ன சொன்னாலும் வாங்கிக்கொள்ள ஒரு ஆள் வேண்டுமே. அம்மா அவளைக் கையால் ஒதுக்கினாள். சித்தப்பாவின் சட்டைக் கழுத்துக்கு மேலே தழும்பின் நுனி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. அம்மாவின் கண் அதில்தான் நின்றது.

“உனக்கும் வந்துச்சா?”

“ஆமா அண்ணி.”

“எப்ப?”

அவர் பெரியவளை ஒரு பார்வை பார்த்தார். “ஆச்சு, ரொம்ப நாள்.”

அம்மா கணக்குப் போடுவது முகத்தில் தெரிந்தது. “அன்னிக்கு வாசல்ல வந்து நின்னியே. இதைச் சொல்லத்தானா?”

தாழ்வாரத்தில் மருந்து வண்டி ஒன்று உருண்டு போயிற்று. பெரியவள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“இல்ல அண்ணி,” என்றார் சித்தப்பா. “அந்தப் பக்கம் ஒரு வீட்டுக்கு ஜன்னல் அளவெடுக்க வந்தேன். சும்மா பார்த்துட்டுப் போலாம்னு...”

“சின்ன வயசுலேர்ந்தே உனக்குப் பொய் சொல்ல வராது,” என்றாள் அம்மா.

பிறகு அவள் உட்கார்ந்துவிட்டாள். வாயில் தலைப்பை வைத்து அழுத்திக்கொண்டாள். “கதவைச் சாத்தினது நான்தான். நான்தானே சாத்தினேன்?” என்று யாரையும் பார்க்காமல் கேட்டாள். பெரியவள் பக்கத்தில் உட்கார்ந்து தோளைப் பிடித்தாள். ஆறுதலாக ஒரு வாக்கியம் தேடினாள். பொய் இல்லாத வாக்கியம் ஒன்றும் அகப்படவில்லை.

சித்தப்பாதான் பேசினார். “நான் இன்னொரு தடவை வந்திருக்கணும் அண்ணி. ஒரு தடவை விரட்டினதுக்கே ரோஷப்பட்டுப் போயிட்டேன். பையன் பிழைச்சுட்டான். அதைப் பாருங்க.”

நர்ஸ் கதவைத் திறந்து, ஒருவர் மட்டும் உள்ளே வரலாம் என்றாள். அம்மா எழப் போனாள், பாதியில் மறுபடி உட்கார்ந்துவிட்டாள்.

“நீ போய்ப் பாரு,” என்றாள் சித்தப்பாவிடம். “செருப்பைக் கழட்டிட்டுப் போ. ரொம்பப் பேச வைக்காதே.”

அவர் உள்ளே போனார். கண்ணாடி வழியாகப் பார்த்தபோது, நெட்டை அவரை யாரென்று தெரியாமல் விழிப்பதும், அவர் குனிந்து ஏதோ சொல்வதும், சொல்லிவிட்டுத் தன் சட்டைப் பொத்தானைக் கழற்றிக் காட்டுவதும் தெரிந்தது. தம்பி தழும்பை உற்றுப் பார்த்தான். பிறகு ஏதோ கேட்டான், சித்தப்பா சிரித்துவிட்டார்.

அவர் வெளியே வந்தபோது அம்மாவின் கண் சிவந்திருந்தது. குரல் மட்டும் நிதானத்துக்கு வந்திருந்தது.

“உன் வீட்டுக்காரி நல்லா இருக்காளா?” என்றாள். அந்தச் சண்டைக்குக் காரணமான பெண்ணைப் பற்றி அம்மா வாயிலிருந்து வசவு இல்லாத வார்த்தை வந்து பெரியவள் கேட்டதில்லை.

“இருக்கா அண்ணி.”

“கூட்டிட்டு வந்திருக்கலாமே,” என்றாள் அம்மா. சொல்லிவிட்டு, பெஞ்சின் ஓரமாக நகர்ந்து உட்கார்ந்தாள்.